மறுமொழிக்குக் காத்திருத்தல்

நுழையும்முன்

எழுதிய தரவு மேசைமேல் உள்ள கணினிக்குள் சேர்ந்ததா, வேறொரு கட்டடத்தில் உள்ள வட்டில் சேர்ந்ததா என்று பயன்படுத்துவோர் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றே எனத் தோன்றுமாறு செய்வது இயக்கி என்னும் சிறு மென்பொருள். இடையிலுள்ள வலைப்பின்னல் அறுபடும் வேளையில் அவ்வியக்கி எதிர்கொள்ளும் சிக்கல்களை இப்பாடம் விளக்குகிறது.

மௌனத்தின் பொருள்

கணினிக்குள்ளேயே இருக்கும் வட்டுக்கும் இயக்கிக்கும் இடையே சாண் அளவு தொலைவுதான். பழுது நேர்ந்தால் வட்டு பெரும்பாலும் பிழைக்குறிப்பொன்றை அனுப்பிவிடும். வலைப்பின்னல்வழி இணைந்த சேமிப்பகத்தின் நிலை வேறு. இயக்கி விடுக்கும் கட்டளை பொதிகளாகப் பிரிந்து, பல இணைப்புகளைக் கடந்து செல்கிறது. மறுமொழி வரவில்லையெனில், கட்டளை போய்ச் சேராதிருக்கலாம். கட்டளை நிறைவேறி மறுமொழி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அல்லது சேமிப்பகம் வேலைமிகுதியால் தாமதிக்கலாம். இயக்கியின் பக்கமிருந்து நோக்கினால் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. மூன்றும் மௌனமே.

அம்மௌனத்தைப் பொறுக்கும் எல்லையே காலக்கெடு. கார்காலத்தில் மீள்வதாகத் தலைவன் சொல்லிச் செல்வதும், கொன்றை பூத்தது கண்டு தலைவி கலங்குவதும், ‘இது காலமல்லாக் காலத்து மழை; பருவம் இன்னும் வரவில்லை’ எனத் தோழி ஆற்றுவிப்பதும் முல்லைத்திணையில் மாணவர் அறிந்த செய்திகள். கெடு முடிந்தது என்று அவசரப்படும் இயக்கியும் அத்தலைவியைப் போன்றதே.

அவசரத்தால் விளையும் கேடு வெறும் கற்பனையன்று. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான தரவோட்டம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 400 கஜமே. மறுமொழி தாமதித்ததும் கணினிகள் அதே பொதிகளை மீண்டும் மீண்டும் அனுப்பி, இருந்த நெரிசலைப் பெருக்கின. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குத் தீர்வு கூறினார். மறுமொழி வர ஆகும் நேரத்தின் சராசரியை மட்டுமன்றி, அந்நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அளக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழிகளுள் ஒன்று. இன்றைய டிசிபி நெறிமுறையில், சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டிக் காலக்கெடு கணிக்கப்படுகிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் கெடு இரட்டிப்பாகிறது.

படிப்படியாக ஏறும் மீட்பு

லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்கஸி வகை வட்டுக்கு விடுக்கப்படும் கட்டளைக்கு இயல்பான கெடு 30 நொடி. அது கடந்தால் மீட்புப்பணி தொடங்குகிறது. முதலில் அந்த ஒரு கட்டளையை மட்டும் கைவிடுமாறு சேமிப்பகம் கேட்டுக்கொள்ளப்படும். அது பயன் தராவிடில் அந்த வட்டும், பின்னர் அது சார்ந்த சேமிப்பகமும், இறுதியில் கணினியின் இணைப்பு அட்டையே கூடத் தொடக்கநிலைக்குக் கொண்டுவரப்படும். படி ஏற ஏறத் தொடர்பில்லாத பிற கட்டளைகளும் கலைகின்றன. ஒரு விரலின் காயத்துக்குக் கையையே கட்டிப்போடுவது போன்றது இது. ஆதலால்தான் சிறிய மருந்து முதலில் முயலப்படுகிறது. எதுவும் பலிக்காதபோது அச்சாதனம் இணைப்பிலிருந்து விலக்கப்படும்.

ஐ-ஸ்கஸி என்பது இதே கட்டளைகளை டிசிபி மேல் ஏற்றிச் செல்லும் நெறிமுறை. 2004இல் தர ஆவணமாக வெளிவந்தது. இங்கே இயக்கிக்கு ஒரு தோழியும் வாய்க்கிறாள். கட்டளையின் கெடு முடிந்ததும், மீட்பைத் தொடங்குமுன் இணைப்பைப் பேணும் அடுக்கிடம் கருத்துக் கேட்கப்படும். தரவு மெல்லவேனும் நகர்ந்துகொண்டிருந்தால், அல்லது அறுந்த இணைப்பு மீண்டும் பின்னப்பட்டுக்கொண்டிருந்தால், ‘பருவம் இன்னும் வரவில்லை’ என்று அவ்வடுக்கு கடிகாரத்தைத் திருப்பி வைக்கும்.

பழைய கட்டளையின் வருகை

மீண்டும் அனுப்புவதில் மறைந்துள்ள பேரிடர் வேறு. ஒரு வட்டுப்பகுதியில் ‘இருப்பு 900’ என எழுதக் கட்டளை சென்றதாகக் கொள்வோம். மறுமொழி இல்லை. இயக்கி இரண்டாம் பாதை வழியே அதையே மீண்டும் எழுதிவிடுகிறது. பின்னர்ப் பணம் எடுக்கப்பட, அதே இடத்தில் ‘இருப்பு 400’ என எழுதப்படுகிறது. இத்தனைக்கும் பிறகு, முதல் பாதையில் தேங்கி நின்ற பழைய கட்டளை விடுபட்டுச் சேமிப்பகத்தை அடைந்தால் இருப்பு மீண்டும் 900 ஆகிவிடும். எங்கும் பிழைக்குறிப்பு பதிவாகாது. இணைப்பு அறுந்தது என்றால் பணி நிற்கும், அது தெரிந்துவிடும். இதுவோ தெரியாமலே நிகழும் இழப்பு.

இதைத் தடுக்க, ஐ-ஸ்கஸியில் அதே அடையாளத்தோடு மீண்டும் நுழையும் கணினிக்கு இடமளிக்குமுன், அதன் பழைய அமர்வைச் சேமிப்பகம் மூடிவிடுகிறது. அரைகுறையாய் நின்ற கட்டளைகளும் அத்தோடு ஒழிகின்றன. என்.வி.எம்.இ நெறிமுறையின் வலைப்பின்னல் வடிவத்திலோ இருபுறமும் கடிகாரம் ஓடுகிறது. கணினியிடமிருந்து ‘உயிரோடிருக்கிறேன்’ என்னும் செய்தி குறித்த நேரத்துக்குள் வராவிடில், சேமிப்பகக் கட்டுப்படுத்தி தானாகவே அத்தொடர்பை முடித்துக்கொள்ள வேண்டும். வேறு பாதையை நாடும் இயக்கி அந்த நேரம் கழியும்வரை பொறுத்தல் நன்று. சில நொடித் தாமதம் பயன்படுத்துவோர்க்கு எரிச்சலூட்டும். எனினும் தவறான இருப்பைவிட அது மேல்.

தெரிந்து தெளிவோம்

வட்டில் எழுதவேண்டிய தரவு நினைவகத்தை நிறைத்துக்கொள்ளும்போது, அதை எழுதி முடித்தால்தான் நினைவகத்தில் இடம் கிடைக்கும். வலைப்பின்னல்வழி எழுதவோ, பொதிகளை உருவாக்கச் சிறிது நினைவகம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றுவிடாதிருக்க, இயக்கிகள் தமக்கெனச் சிறு நினைவக இருப்பை முன்னரே ஒதுக்கிக்கொள்கின்றன.

எப்போது கைவிடுவது?

அறுந்த இணைப்பு மீளும் என்று எத்தனை நேரம் நம்புவது என்பதற்கு ஒரே விடை இல்லை. லினக்ஸின் ஐ-ஸ்கஸி மென்பொருளில் இயல்பான அளவு 120 நொடி. மாற்றுப்பாதை இருந்தால் இதனைச் சில நொடிகளாகக் குறைப்பதே அறிவுடைமை. மாறாக, இயங்குதளமே தொலைவிலுள்ள அவ்வட்டில் இருந்து, வேறு பாதையும் இல்லாதபோது, 86,400 நொடி, அதாவது ஒரு முழுநாள், காத்திருக்குமாறு அம்மென்பொருளின் குறிப்புகள் பரிந்துரைக்கின்றன. வட்டை இழந்த இயங்குதளம் வேறு எங்கே போகும்?

இயக்கி கைவிட்டபின் பொறுப்பு மேலுள்ள மென்பொருள்களைச் சேர்கிறது. அங்கும் பொறி உண்டு. எழுதியவை வட்டில் சேர்ந்தனவா என்று உறுதிகேட்கும் எஃப்சிங்க் என்னும் அழைப்பு தோல்வியைத் தெரிவித்தால், மீண்டும் அழைத்தால் போதும் என்றே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நெடுங்காலம் கருதிவந்தது. லினக்ஸோ பிழையை ஒருமுறை சொல்லியபின், எழுதப்படாத பக்கங்களையும் தூயவை எனக் குறித்துவிட, இரண்டாம் அழைப்புக்கு வெற்றி என்றே விடை வந்தது. 2018இல் இது வெளிப்பட்டபோது தரவுத்தள உலகம் திகைத்தது. 2019இல் வெளியான திருத்தத்தின்படி, அப்பிழை வந்தவுடன் போஸ்ட்கிரெஸ் தன்னையே நிறுத்திக்கொண்டு, முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பேட்டிலிருந்து பணியைப் புதிதாகத் தொடங்குகிறது.