கொதிநிலத்தருகே கூடாரம்

கலிபோர்னியாவின் லாசன் சிகரம் 1914-இல் விழித்து, 1915 மே 22 அன்று பெருஞ்சீற்றங் கொண்டது. 1916-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கே மான்சனிட்டா ஏரிக்கருகில் மக்கள் கூடாரமிட்டு மகிழ்கின்றனர்.

எனினும் அந்நிலத்தின் இயல்பை அறிந்தே செல்லல் வேண்டும். மண்ணுள் இறங்கும் மழைநீரும் பனிநீரும் அடியிலுள்ள வெப்பத்தால் கொதித்து ஆவியாய் மேலெழுகின்றன. உடன்வரும் கந்தக வாயுவால் விளையும் அமிலம், பாறையை அரித்துக் களிமண்ணாக்குகிறது. ஆதலின் திண்ணிய தரையெனத் தோன்றுவது வெறும் மெல்லோடாகவும் இருக்கலாம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, அவ்விடத்தைக் கண்டறிந்த பம்பஸ் என்பவரே ஓடு உடைந்து கொதிசேற்றில் கால் புதைந்து, அக்காலை இழந்தார். 'பம்பஸ் நரகம்' என்பதே இன்றும் அதன் பெயர்.

எனவே, நண்பர்களே, அங்குச் செல்வோர் குறித்த பாதையினின்று ஓரடியும் விலகலாகாது. கண்டவர்க்கே கால் தவறிய இடம் அது!