ராக் இறங்கிய படிகள்

அன்புள்ள தங்கைக்கு,

எலெக்ட்ரிக் கிடார் வாங்கிய கையோடு, "ராக் செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, இனிமே இதைக் கத்துக்கிறதுல அர்த்தம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. ராக் சாகவில்லை. ஆனால் நெடுங்காலம் உட்கார்ந்திருந்த முதல் வரிசையிலிருந்து எழுந்து பின்னால் போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரிந்துகொண்டால், கற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துவிடுவாய்.

அமெரிக்காவில் யார் எந்த இசையை எவ்வளவு கேட்கிறார்கள் என்று கணக்கெடுத்துவந்த நிறுவனம் நீல்சன். 2017-ஆம் ஆண்டுக்கான அதன் அறிக்கையில், ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பியும் சேர்ந்த வகை முதன்முறையாக ராக்கை முந்தியது. அதற்கு 24.5 சதவீதம், ராக்குக்கு 20.8. அடுத்த ஆண்டு மே மாதம் கிப்சன் கிடார் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு இரங்கல் கட்டுரைகள் வரத் தொடங்கின. கிப்சனைக் கவிழ்த்தது கிடார் வியாபாரமல்ல. பிலிப்ஸிடமிருந்து வாங்கிய வீட்டு ஒலிச்சாதன வியாபாரம் ஏற்றிவைத்த கடன்தான் அதை அமுக்கியது. இன்னொன்றும் அந்தக் கட்டுரைகளில் விடுபட்டுப்போனது: முழு ஆல்பமாகக் காசு கொடுத்து வாங்கியவர்களை மட்டும் எண்ணினால், 2017-லும் ராக்தான் முன்னால் நின்றது.

ஆகவே, எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1991 மே மாதம் வரை பில்போர்டு பத்திரிகை தன் ஆல்பம் பட்டியலைக் கடைக்காரர்களிடம் கேட்டுத்தான் போட்டது. எது அதிகம் விற்றது என்று கடை ஊழியர் தன் மதிப்பில் ஒரு வரிசை சொல்வார். இசைத்தட்டு நிறுவனங்கள் அவரைக் கவனித்துக்கொள்வதும் உண்டு. அந்த மாதம் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கல்லாவில் பார்கோடு படிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் ஒரு விற்பனை பதிவாகும். யாருடைய அபிப்பிராயத்துக்கும் அங்கே வேலையில்லை. அடுத்த மாதமே காம்ப்டன் நகரத்து ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.வின் ஆல்பம் முதலிடத்தைப் பிடித்தது. செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் வந்த வேகத்தில் முதலிடத்துக்கே போனது. மக்கள் இவற்றை முன்பே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கணக்கில் ஏறாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நிர்வாணாவும் இதே கணக்கில் ஏறி வந்த ராக் குழுதான். 1991 செப்டம்பரில் 'நெவர்மைண்ட்' வெளியானபோது, அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் போனவை ஐம்பதாயிரத்துக்கும் குறைவான பிரதிகள். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. ராக்கின் கடைசிப் பெரிய பட்டாபிஷேகம் என்று அந்த மாதத்தைச் சொல்லலாம். ராக்கை அரியணையில் ஏற்றிய அதே எந்திரம், ராப்பின் உண்மையான பலத்தையும் ஊருக்குக் காட்டிவிட்டது.

ராப் இப்படி முன்னேறியதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ராக்கின் வேர் கறுப்பின இசைக்கலைஞர்களிடம் இருக்கிறது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1940-களிலேயே பக்திப் பாடல்களை எலெக்ட்ரிக் கிடாரோடு அதிரடியாகப் பாடியவர். உன்னைப் போன்ற ஒரு பெண் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அவருடையது. சக் பெர்ரி அவருக்குப் பின்னால் வந்தவர். ஆனால் எழுபதுகளின் முடிவுக்குள் அமெரிக்க ராக் வானொலிகள் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களின் வானொலிகளாகிவிட்டன. 1979 ஜூலையில் சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஒரு வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அடுத்த ஆட்டமே நடக்காமல் போயிற்று. புதிதாக வரும் எதையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்த இசை, வேலி போட்டுக்கொள்ளத் தொடங்கியதன் அடையாளமாகவே அந்த இரவைப் பார்க்கத் தோன்றுகிறது. வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகள் டர்ன்டேபிளையும் டிரம் மெஷினையும் வைத்து வேறொன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வானொலி. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கே.சி.எம்.யு. போன்ற நிலையங்கள்தான் ஊர்ப் பையன்களின் குழுக்களை முதலில் ஒலிபரப்பின. 1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுக்க இத்தனை வானொலிதான் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் நிறுவனத்திடம் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. என்ன ஒலிபரப்புவது என்பதை ஊருக்கு ஊர் ஒருவர் ரசித்துத் தேர்ந்தெடுத்த காலம் போய், எங்கிருந்தோ ஒரு பட்டியல் வர ஆரம்பித்தது. பழகிய பாட்டு பாதுகாப்பானது. புதுக் குழு ஆபத்து. ராக் வானொலி பழைய பாட்டுகளின் கிடங்காக மாறியது இப்படித்தான்.

பிறகு ஸ்ட்ரீமிங். இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் பார். கன்ஸ் அன்ட் ரோசஸின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' 1988-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. அதைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார். ஸ்லாஷின் கிடார் தனியாகச் சுழலத் தொடங்கும். கீழே பேஸ் வந்து சேரும், பிறகு டிரம்ஸ். ஆக்சல் ரோஸ் வாய் திறக்க முக்கால் நிமிடம் ஆகும். ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அந்த முப்பது விநாடிக்குள் இந்தப் பாட்டில் பாடகரே வருவதில்லை. புகழ்பெற்ற பழைய பாட்டுக்குக் காத்திருக்க ஆள் உண்டு. பெயர் தெரியாத நான்கு பேருக்கு யார் காத்திருப்பார்கள்? ஒரு கிடார் ரிஃப் மெல்ல மெல்ல வீட்டைக் கட்டி எழுப்பும் சுகத்தை, விரல் தள்ளிவிடும் திரை பொறுத்துக்கொள்வதில்லை.

நான்கு பேர் என்பதும் ஒரு பிரச்சினைதான். டிரம்ஸ் வைக்க ஓர் அறை, அதற்கு வாடகை, ஊர் ஊராகப் போக ஒரு வேன், கிடைப்பதை நாலாகப் பங்கு போட வேண்டிய கட்டாயம். எதிரே ஒற்றை ஆள், ஒரு லேப்டாப். 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டின் கதையைப் பார். நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008-இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ்' ஆல்பத்தில் பாஞ்சோ போல் மீட்டப்படும் ஒரு துணுக்கு உண்டு. யங்கியோ என்ற நெதர்லாந்து இளைஞர் அதை எடுத்து ஒரு பீட் செய்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். லில் நாஸ் எக்ஸ் என்ற பாடகர் அதை 30 டாலருக்கு வாங்கிப் பாடினார். 2019-இல் அந்தப் பாட்டு 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ராக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும் பாடலாசிரியர் வரிசையில் இடம்பெற்றார்கள். ராக்கின் ஒலி முதலிடத்தில் இருந்தது. ராக் குழு அங்கே இல்லை.

இவையெல்லாம் காலமாற்றம் என்று ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ள முடியாத இழப்பு சின்ன மேடைகளுடையது. ரமோன்ஸ், டெலிவிஷன், டாக்கிங் ஹெட்ஸ் குழுக்கள் வளர்ந்த நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. அரங்கு, வாடகைத் தகராறில் 2006 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கே கடைசியாகப் பாடியவர் பாட்டி ஸ்மித். பிரிட்டனில் 2023-இல் மட்டும் 125 சிறு அரங்குகள் போயின. அதேநேரம் பெரிய மைதானங்கள் நிரம்பி வழிகின்றன. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க்கில் பிளாக் சபாத் குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. தான் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே, நாற்காலியில் அமர்ந்தபடி பாடிய அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், பதினேழு நாளில் மறைந்தார்.

அந்தக் குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமியைப் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலை எந்திரம் அவருடைய இரண்டு விரல்களின் நுனியை வெட்டிவிட்டது. இடதுகைப் பழக்கக்காரர் என்பதால், போனது தந்தியை அழுத்தும் கையின் விரல்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் சோப்புத் திரவப் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னாளில் சுருதியைக் கீழே இறக்கி அவற்றைத் தளர்த்தினார். ஹெவி மெட்டலின் கனத்த, இருண்ட ஒலிக்கு அந்த விரல்களும் ஒரு காரணம். இப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்து ஊரில் ஏறி வாசிக்க ஒரு மேடை இருந்தது.

கற்றுக்கொள்பவர்கள் குறையவில்லை. ஃபெண்டர் கிடார் நிறுவனத்துக்கு அதுவரை இல்லாத விற்பனை 2020-இல் நடந்தது. புதிதாகக் கிடார் பிடிப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள் என்று அந்நிறுவனமே முன்பு ஆய்வு செய்து சொன்னது. 2021-இல் ஒலிவியா ரொட்ரிகோ பங்க் ராக் பாணியிலான 'குட் ஃபோர் யூ' பாட்டோடு முதலிடத்துக்கு வந்தார். நீ தனியாக இல்லை. ஆகவே தாராளமாகக் கற்றுக்கொள். கூடவே டிரம்ஸ் வாசிக்கும் ஒரு தோழியையும் தேடு.

மேடைக்கு என்ன வழி என்பதில் பிரிட்டன் இப்போது ஒரு முயற்சி செய்கிறது. பெரிய அரங்குகளில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு சிறு தொகையைச் சின்ன அரங்குகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அங்கே நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. விரும்பிக் கொடுத்தால் போதும் என்று அரசு 2024-இல் சொன்னது. என்டர் ஷிகாரி குழு தன் சுற்றுப்பயணத்தில் டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு ஒதுக்கியது. கோல்ட்பிளே 2025-இன் பிரிட்டன் கச்சேரி வருமானத்தில் பத்து சதவீதம் தருவதாக அறிவித்தது. நல்ல மனசுக்காரர்கள் கொடுத்தால்தான் உண்டு என்று இதை விட்டுவைப்பது சரியல்ல. பிரெஞ்சு அரசு டிக்கெட்டின் மீது வரியாகவே வாங்கி இசைத்துறைக்குத் திருப்பித் தருகிறது. பிரிட்டனும் அப்படிச் செய்யலாம்.

அன்புடன்,
அண்ணன்