பழைய காரின் மீட்டர்கள் தவறுவது ஏன்?
(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மருத்துவர் நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல், காரோட்டி தம் வண்டியின் நாடியை டாஷ்போர்டில் பார்க்கிறார். அந்த நாடியே தவறினால் என்னாகும்? பாதி டேங்க் பெட்ரோல் இருப்பதாக முள் காட்ட, வண்டி நடுவழியில் நின்றுவிடும். வெப்பநிலை முள் தாழ்ந்து நிற்க, உள்ளே என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு இது பெரும் இழப்பன்றோ? 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் முதலிய பழைய வண்டிகளை இன்றும் பலர் வைத்திருக்கின்றனர். முள் தவறியதும் சிலர் புது மீட்டர் வாங்கிப் பொருத்துகின்றனர். பல நேரங்களில் அதுவும் அதே தவறைக் காட்டுகிறது. இதன் காரணத்தை நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே ஆராய்வோம்.

மீட்டரின் அமைப்பு

சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று தாவினால் அது காந்த விசையால் இயங்கும் மீட்டர். மெல்ல ஊர்ந்து ஏறினால் ஈருலோகப் பட்டையால் இயங்குவது. 1960, 1970களின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற பிரிட்டிஷ் கார்களில் இருந்த இந்த இரண்டாம் வகையையே இங்குக் காண்போம்.

பட்டையைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய, பட்டை சூடாகி வளைந்து முள்ளை நகர்த்துகிறது. மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது டேங்கில் மிதவையோடு இணைந்த மின்தடை. டேங்க் நிரம்ப நிரம்ப இம்மின்தடை குறையும். வெப்பநிலை மீட்டருக்கு, சூடேறினால் மின்தடை குறையும் தெர்மிஸ்டர் உண்டு.

வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பாட்டரி 12 வோல்ட்டிலிருந்து, என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டாக உயர்ந்தால் வெப்பம் 36 விழுக்காடு கூடும். இதைத் தவிர்க்கவே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உள்ளது. அது மின்சுற்றை விட்டுவிட்டு இணைத்து, சராசரியாக 10 வோல்ட் தருகிறது.

பழுதைக் கண்டறிதல்

இரு மீட்டர்களும் ஒருசேரத் தவறினால், இரண்டிற்கும் பொதுவான ஸ்டெபிலைசரை ஐயுறலாம். இரண்டும் மிகுத்துக் காட்டினால், அதன் எர்த் விட்டுப்போய் முழு மின்னழுத்தமும் பாயக்கூடும். இரண்டும் எழாவிட்டால், முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசரின் வெளியீட்டில் சோதனை விளக்கை இணைத்தால் அது விட்டுவிட்டு எரிய வேண்டும்.

ஒன்று மட்டும் தவறினால், அதற்குரிய கம்பியையும் உணர்கருவியையும் பார்க்க வேண்டும். டேங்கில் உள்ள கம்பியைக் கழற்றினால் முள் காலிக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கம்பி எங்கோ பாடியைத் தொடுகிறது. கழற்றிய கம்பியை நேரடியாகப் பாடியில் தொடுவது தவறு. சுருள் கெடும், பெட்ரோல் அருகே தீப்பொறியும் எழும். சாவியை அணைத்துவிட்டே எதையும் கழற்றவோ இணைக்கவோ வேண்டும்.

ஒர்க்ஷாப்பில் வேலை செய்யும் என் தந்தை, "முள்ளைக் குறை சொல்லாதே; முதலில் எர்த்தைப் பார்" என்பார். அவர் அனுபவத்தில் அறிந்ததை ஓம் விதி மெய்ப்பிக்கிறது. சுருள் 60 ஓம், நிரம்பிய டேங்கின் மின்தடை 30 ஓம் எனக் கொள்வோம். 10 வோல்ட்டில் மின்னோட்டம் 111 மில்லி ஆம்பியர். எர்த்தில் துரு ஏறி 30 ஓம் கூடினால் 83 மில்லி ஆம்பியர். வெப்பமோ ஏறக்குறைய பாதியாகிவிடும்! காலி டேங்கின் மின்தடை 240 ஓம் என்றால், அதே துருவால் மின்னோட்டம் 33-லிருந்து 30 ஆகவே குறையும். ஆகவே, டேங்கை நிரப்பியும் முள் மேலே எட்டாமல், காலியாகும்போது மட்டும் ஏறத்தாழச் சரியாகக் காட்டினால் துருவையே தேடுக. முள் எப்போதும் காலியிலேயே கிடந்தால், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம்.

வேகமானி

கேபிளால் சுழலும் காந்தம், அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி முள்ளைத் திருப்புகிறது. முள் நடுங்கினால் கேபிள் வறண்டோ மடங்கியோ இருக்கும். ஒரே விகிதத்தில் தவறினால் டயரின் அளவு மாறியிருக்கலாம். 60 கி.மீ. வேகத்தில் இரு கிலோமீட்டர் கற்களிடையே 60 விநாடி ஆக வேண்டும். கடிகாரத்தை உடன் வருபவர் பார்க்கட்டும்.

முள் என்பது நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. மற்றக் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே அதை மாற்ற வேண்டும். அதற்குத் தேவையானவை ஒரு சோதனை விளக்கும், உப்புத்தாளும், சிறிது பொறுமையுமே.