வரைபடம் தானே மாறாதபோது

சுங்கை வேக்கு ஸ்ரீ செத்தியா என்று பெயர் மாறிய பின்னும் நாம் பழைய பெயரையே சொல்லி வருகிறோம். இங்கே நமது தொழில் நகல் எடுப்பதும், பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெரிய தாளில் வரைபடம் அச்சிட்டுத் தருவதுமாகும். நாம் மதரஸாவும் தொடக்கப்பள்ளியும் மட்டுமே கற்றவர்கள். ஆயினும் வாலிபர்கள் கணினியில் படம் திருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சில விஷயங்களை அறிந்துகொண்டோம்.

சென்ற வருஷம் ஒரு பட்டறைத் தம்பி, இரும்புத் தாங்கியின் படத்தை அச்சிட வந்தார். முப்பரிமாண உருவில் இரு துளைகளின் இடைவெளியை 120 மில்லிமீட்டரிலிருந்து 125 ஆக்கியிருந்தார். உருவை மாற்றினால் படமும் தானே மாறும் என்ற நம்பிக்கையில் அவர் தாளைப் பார்க்கவில்லை. நாமும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டோம். தாளில் 120 என்றே இருந்தது! அறுபது தாங்கிகளில் துளையிட்ட பிறகே விஷயம் வெளியாயிற்று. நஷ்டத்தில் ஒரு பகுதி அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. “பாய், நான் மாத்தினேன், கம்ப்யூட்டர் மாத்தலையே” என்று அவர் நமது கடை வாசலில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஏன் மாற்றவில்லை? யாரோ முன்பு அந்த எண்ணின் மேல் கையால் 120 என்று தட்டி வைத்திருந்தார்கள். நமது கடன் புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்தினால் கீழே எழுதிய கூட்டுத்தொகை தானே மாறுமா? மாறாது. கணினி அளந்து காட்டும் எண் உருவோடு மாறும். கையால் தட்டிய எண் செத்த எண். ஆட்டோகேட்டில் அந்த அளவைத் தொட்டு, அதன் குணப்பட்டியலில் மேலெழுத்துக் கட்டத்தைக் காலியாக்கினால் எண் மீண்டும் உயிர் பெறும்.

நிற்க. எண் சரியாயிருந்தும் படம் பழையதாய் நிற்பதுண்டு. சாலிட்வொர்க்ஸில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தியிருந்தால், மாறாத காட்சியின்மேல் சாய்கோடுகள் தெரியும். இன்வென்டரில் புதுப்பிப்பைத் தள்ளிவைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதில் குறியிட்டிருந்தால் படம் அசையாது. இவற்றை நீக்குவது ஒரு நிமிஷ வேலை.

நமது கடையில் அதிகம் காண்பது வேறொன்று. ஆட்டோகேட்டில் ஒரு படத்தினுள் மற்றப் படங்களைக் கோத்து வைப்பார்கள். எக்ஸ்ரெஃப் என்பது அதுவே. வாலிபர் தலைமைப் படத்தை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வருவார். திறந்தால் சுவரும் தூணும் இராது, ‘கிடைக்கவில்லை’ என்று வரும். எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித்தர ஈ-டிரான்ஸ்மிட் என்ற வசதி இருக்கிறதே, அதை ஏன் எவரும் தொடுவதில்லையோ! இதையும்விட ஆபத்து, கோத்த வழி அறுபடாமல், திருத்தாத பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருப்பது. அறுந்தால் கணினி சொல்லும். தவறான கோப்பைக் காட்டினால் வாய் திறவாது. ஆகவே கோப்பின் பெயரை மட்டுமன்று, அது இருக்கும் இடத்தையும் படித்துப் பார்க்கவேண்டும்.

சிறு பட்டறையில்தான் இப்படி என்று எண்ணவேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானத்திற்கு ஹாம்பர்க்கில் காட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பும், துலூஸில் ஐந்தாம் பதிப்பும் புழங்கின. மாற்றங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சரியாகச் சேரவில்லை. விமானமொன்றில் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி. பொருத்தும்போது பல கம்பிகள் நீளம் போதவில்லை. 2006-இல் தாமதத்துக்குமேல் தாமதம் அறிவித்தார்கள். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது.

இப்போது அச்சிடுமுன் அந்தத் தம்பி ஒரு சோதனை செய்கிறார். படமும் உருவும் இரண்டையும் பிரதி எடுத்து, பிரதிப் படம் பிரதி உருவையே காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வார். பிறகு அந்த உருவில் ஓர் அளவை 7 மில்லிமீட்டர் கூட்டி, தாளில் எந்த எண் கூடவே நகர்கிறது என்று கவனிப்பார். நகராத எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுவார். போன வாரம் ஒரே தாளில் மூன்று வட்டங்கள் விழுந்தன. அச்சிடாமலே திரும்பிப் போனார்.