வீட்டுப் பிளானில் கதவைப் படிக்கக் கற்போம்



நம் குழுக்களில் பலர் வீடு கட்டுகிறோம். சிலர் அரசுத் திட்டத்தில், சிலர் குழுக் கடனில். 2016-ல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமையல் இடமும் சேர்த்து வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். அதாவது சுமார் 269 சதுர அடி. தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. எதுவானாலும் சின்ன வீடுதான். ஒவ்வொரு அடியும் நமக்கு முக்கியம். ஆனால் பிளான் பேப்பரைக் கையில் கொடுத்தால், "அதெல்லாம் கொத்தனாருக்குத் தெரியும்" என்று மடித்து வைத்துவிடுகிறோம்.

புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த நமக்கு பிளான் படிப்பது பெரிய வித்தை இல்லை. இந்த மாதம் கதவை மட்டும் படிப்போம்.

பிளான் என்றால் என்ன?

கட்டின வீட்டை ஜன்னல் உயரத்தில் குறுக்கே வெட்டி, மேல்பாகத்தை எடுத்துவிட்டு, மேலே இருந்து எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்? அதுதான் பிளான். சுவர் இரட்டைக் கோடாகவோ கறுப்புப் பட்டையாகவோ இருக்கும். பட்டை விட்டுப்போன இடம் வாசல். 1:100 என்று போட்டிருந்தால், பேப்பரில் 1 சென்டிமீட்டர் தரையில் 1 மீட்டர்.

கதவுகளை எப்படி அடையாளம் காண்பது?

1. ஒற்றைக் கதவு: வாசலின் ஒரு ஓரத்தில் நேர்கோடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் இருந்து வாசலின் மறு ஓரத்துக்கு ஒரு வளைகோடு போகும். பார்க்க அப்பளத்தைக் கால் பாகமாக உடைத்தது போல இருக்கும். நேர்கோடுதான் திறந்து நிற்கிற கதவு. அது சுவரைத் தொடும் இடத்தில் கீல். வளைகோடு, கதவின் நுனி போகிற பாதை. வளைகோடு எந்த அறைக்குள் இருக்கிறதோ அந்த அறைக்குள்தான் கதவு திறக்கும்.

2. இரட்டைக் கதவு: இரு ஓரத்திலும் கீல். இரண்டு சின்ன வளைகோடுகள் நடுவில் சந்திக்கும்.

3. தள்ளு கதவு: வளைகோடு இருக்காது. சுவரை ஒட்டி மெல்லிய பட்டை, பக்கத்தில் ஒரு அம்புக்குறி.

4. மடிப்புக் கதவு: விசிறி மடிப்பு போல நெளிநெளியான கோடு.

5. ஷட்டர்: வீட்டோடு கடை வைப்பவர்களுக்கு இது வேண்டும். வாசலின் குறுக்கே விட்டுவிட்டுப் போட்ட கோடு இருக்கும். பக்கத்தில் 'ஆர்.எஸ்.' என்று எழுதியிருப்பார்கள்.

6. கதவு இல்லாத வழி: வெறும் இடைவெளி மட்டும். இங்கே கதவு வரும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. வேண்டுமென்றால் இப்போதே கேட்டு எழுத வைக்க வேண்டும்.

சுவருக்குள்ளேயே இரண்டு மூன்று கோடுகள் இணையாக ஓடினால் அது ஜன்னல்.

கதவுப் பக்கத்தில் 'டி', 'டி1' என்று ஆங்கில எழுத்து இருக்கும். வில்லும் நாணும் போன்ற எழுத்து அது. பேப்பர் ஓரத்தில் உள்ள பட்டியலில் அதன் அளவு இருக்கும். 0.90 x 2.10 என்றால் 90 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் 10 சென்டிமீட்டர் உயரம். நம் கணக்கில் 3 அடிக்கு 7 அடி.

அந்த வளைகோட்டை ஏன் பார்க்க வேண்டும்?

3 அடிக் கதவு திறந்து மூட சுமார் 7 சதுர அடி தரை வேண்டும். இரண்டரை அடிக் கதவுக்கு சுமார் 5 சதுர அடி. பெரிய கதவு இரண்டு, சின்னக் கதவு ஒன்று என்றால் 19 சதுர அடி போய்விடும். அங்கே பாய் விரிக்க முடியாது, பீரோவும் வைக்க முடியாது. வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி பார்ப்பது, பீரோவில் இடித்துப் பாதி மட்டும் திறக்கிற கதவுதான்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை

* குளியலறை, கழிப்பறை: இடம் சின்னது. கதவு உள்பக்கம் திறந்தால், வயதானவரோ கர்ப்பிணியோ உள்ளே விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியில் இருந்து தள்ளித் திறக்க முடியாது. வளைகோடு வெளிப்பக்கம் இருக்கட்டும்.

* சமையல் இடம்: அடுப்பு முன்னால் நிற்பவர் முதுகில் கதவு இடிக்கக் கூடாது.

* சுவிட்ச்: கீல் இருக்கும் பக்கம் வேண்டாம். திறந்த கதவு மறைத்துவிடும். தாழ்ப்பாள் பக்கம் கேளுங்கள்.

* மாற்றுத்திறனாளி இருக்கும் வீடு: சக்கர நாற்காலி தாராளமாகப் போக, திறந்த வாசலில் 90 சென்டிமீட்டர் வழி வேண்டும். 3 அடி என்று தச்சர் சொன்னால், நிலைக்கு வெளியளவா உள்ளளவா என்று கேளுங்கள். வெளியளவு என்றால் நிலைக்கட்டை கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எப்போது சொல்ல வேண்டும்?

நிலை செய்யும் முன். கதவு உட்காருகிற காடியை நிலையில் எந்தப் பக்கம் வெட்டுகிறார்களோ, அந்தப் பக்கம்தான் கதவு திறக்கும். சுவரில் நிலை ஏறின பிறகு மாற்றணும்னா நிலையைப் பெயர்க்கணும், சுவரை உடைக்கணும், மறுபடி பூசணும். கூலியும் சிமெண்டும் நம் கைக்காசு. பேப்பரில் மாற்ற ஒரு பென்சில் போதும். "அண்ணே, இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கொத்தனாரிடம் கேட்பது நம் உரிமை. தயங்க வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

பிளான் இல்லாத வீட்டுக்கும் இது உதவும். பேஸ்மட்டம் முடிந்த ஒரு உறுப்பினர் வீட்டில் கூடுங்கள். சுவர், வாசல் வரும் இடங்களைக் கோலமாவால் வரையுங்கள். கதவு அகலத்துக்குக் கயிறு எடுத்து, கீல் வரும் இடத்தில் ஒருவர் பிடிக்க, மற்றவர் மறுமுனையால் கால்வட்டம் போடுங்கள். கட்டில், பீரோ, அடுப்பு வரும் இடங்களையும் வரையுங்கள். கோடுகள் ஒன்றோடு ஒன்று மோதுகிறதா? மோதினால் கீலை மறுபக்கம் மாற்றிப் பாருங்கள், அல்லது அங்கே தள்ளு கதவு சரிவருமா என்று பேசுங்கள். முடிவை அந்த உறுப்பினரே கொத்தனாரிடமும் தச்சரிடமும் சொல்லட்டும். குழு உடன் நிற்கட்டும்.