ஜனவரி முதல் நவம்பர் வரை: பெண்கள் கோல்ஃப் சீசனைத் தொடர்வது எப்படி?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை விடிகாலை. அதுவரை கோல்ஃப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக டிவி முன் உட்கார்ந்திருந்தோம். கடைசிக் குழியில் பெங்களூரு அதிதி அசோக் உருட்டிய பந்து குழியின் ஓரமாகவே போய் நின்றது. விழுந்திருந்தால் வெள்ளிப் பதக்கத்துக்கான பிளே ஆஃப். விழாததால் நான்காம் இடம். அவருடைய கோல்ஃப் பையைச் சுமந்து கேடியாக உடன் நடந்தவர் அவருடைய அம்மா.

அன்று கண் கலங்கிய பலருக்கு, அதிதி அடுத்த வாரம் எங்கே ஆடினார் என்று தெரியாது. அவர் ஆடும் எல்பிஜிஏ டூர், 1950-ல் 13 பெண்கள் சேர்ந்து தொடங்கியது. ஜனவரியில் ஆரம்பித்து நவம்பரில் முடிகிற அந்த சீசனை வீட்டிலிருந்தே தொடர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு போன், ஒரு நோட்டு போதும்.

முதலில் லீடர்போர்டு படிக்கப் பழகுங்கள். ஒரு பெயருக்கு நேரே -7, 14, -3 என்று இருக்கிறது. -7 என்பது போட்டி தொடங்கியதிலிருந்து மொத்தக் கணக்கு. பாரைவிட (ஒரு சுற்றுக்கு வகுத்திருக்கும் அடிக் கணக்கைவிட) ஏழு அடி குறைவு. 14 என்றால் இன்றைக்குப் பதினான்கு குழி முடித்துவிட்டார். -3 இன்றைய கணக்கு மட்டும். ஆக, நேற்று இரவு -4-ல் படுத்தவர் இன்று மூன்று அடி மிச்சம் பிடித்திருக்கிறார், கையில் இன்னும் நான்கு குழிகள் உள்ளன. 14-க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அவர் பத்தாவது குழியில் ஆட்டத்தைத் தொடங்கியவர் என்று அர்த்தம். இது பிடிபட்டுவிட்டால் படமே இல்லாமல் எண்களை வைத்தே ஆட்டத்தைப் பார்க்கலாம். நான் பாதி சீசனை அப்படித்தான் பார்க்கிறேன்.

அடுத்தது காலண்டர். போட்டிகளை நாடு வாரியாகப் பிரிக்காமல், நம் கடிகாரப்படி பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தாய்லாந்தும் சிங்கப்பூரும் வரும்; காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இங்கே தொடங்குவது நல்லது. அக்டோபரில் ஷாங்காய், கொரியா, மலேசியா என்று டூர் மறுபடி ஆசியாவுக்கு வரும். ஜூலை, ஆகஸ்டில் பிரான்ஸும் பிரிட்டனும். மாலையில் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டோடு முடியும். அமெரிக்கப் போட்டிகள்தான் சிரமம், நள்ளிரவு தாண்டும். ஞாயிறு கடைசிச் சுற்றுக்கு மட்டும் விழித்திருந்து, மற்ற நாட்களில் காலையில் ஸ்கோர் பாருங்கள்.

மூன்றாவது வேலை மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுப்பது. இதில் அவசரப்பட வேண்டாம்.

முதல் பெயர் உச்சத்தில் இருப்பவராக இருக்கட்டும். தாய்லாந்தின் ஜீனோ தித்திகுல், அமெரிக்காவின் நெல்லி கோர்டா, நியூசிலாந்தின் லிடியா கோ, இவர்களில் ஒருவர். ஆனால் இவர்கள் ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். நெல்லி 2024-ல் தொடர்ந்து ஐந்து போட்டிகளையும் மொத்தம் ஏழையும் ஜெயித்தார். 2025-ல் ஒன்றுகூட இல்லை. அந்த 2025-ல் யாரும் இரண்டாவது கோப்பையைத் தொடவே அக்டோபர் ஆகிவிட்டது. ஷாங்காயில் ஜீனோதான் தொட்டார்.

இரண்டாவது பெயர் அதிதி. பந்தை நீளமாக அடிப்பவர்கள் நிறைந்த டூரில், குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்தை உருட்டும் திறமையை நம்பி 2017 முதல் ஆடிவருபவர். 2023-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிளே ஆஃப் வரை போய் ஹன்னா கிரீனிடம் கோப்பையை விட்டார். மூன்றாவது பெயராக, நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு புதுமுகத்தை எடுங்கள். காரணம், சீசனின் உண்மையான பதைபதைப்பு பட்டியலின் நடுவிலும் அடியிலும்தான் இருக்கிறது.

அதைப் பார்க்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. வழக்கமான போட்டி வியாழனில் தொடங்கி நான்கு நாள் நடக்கும். நூற்றுக்கு மேற்பட்டோர் ஆடுவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் முதல் 65 இடங்களும் அதே ஸ்கோரில் இருப்பவர்களும் மட்டும் நிற்பார்கள். மற்றவர்கள் ‘கட்’டில் போய்விடுவார்கள். பெரும்பாலான போட்டிகளில் அவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. விமான டிக்கெட், ஓட்டல், கேடி சம்பளம் எல்லாம் அவர்கள் கைக்காசு. கட் கோட்டில் நிற்கும் ஒரு பெண் கடைசிக் குழியில் நான்கடி தூரத்திலிருந்து பந்தை உருட்டும்போது, அந்த வாரத்து வாடகை அந்த நான்கடியில் இருக்கிறது. டிவி கேமரா பெரும்பாலும் அங்கே போகாது. நீங்கள் போனில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருங்கள். (சிங்கப்பூர், தாய்லாந்து போன்ற குறைந்த பேர் ஆடும் போட்டிகளில் கட் இல்லை.)

நோட்டில் ஒவ்வொரு திங்களும் மூன்று பெயர்களுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: கட் தாண்டினாரா, எந்த இடம், புள்ளிப் பட்டியலில் எத்தனையாவது. பத்து வாரத்தில் ஒரு மனுஷியின் வருஷம் உங்கள் கையில் இருக்கும்.

மேஜர் போட்டிகள் ஐந்து: செவ்ரான், யு.எஸ். விமன்ஸ் ஓபன், விமன்ஸ் பிஜிஏ, எவியான், விமன்ஸ் ஓபன். ஒன்றுதான் பார்க்க முடியுமென்றால் கடைசியைப் பாருங்கள். பிரிட்டனின் கடலோரத் திடலில், காற்று திரும்பினால் காலையில் ஆடியவரும் மாலையில் ஆடியவரும் வேறு வேறு மைதானத்தில் ஆடியது போல் ஆகிவிடும். 2024 ஆகஸ்டில் பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வென்று எல்பிஜிஏ ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்த லிடியா கோ, இரண்டே வாரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் இந்தக் கோப்பையையும் எடுத்தார்.

புள்ளிக் கணக்கில் குழம்ப வேண்டாம். சீசன் முழுக்கச் சேரும் புள்ளிகளைக் காட்டும் சிஎம்இ பட்டியல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமான போட்டியில் வென்றால் 500 புள்ளி. சராசரி ஸ்கோருக்கு வேர் டிராஃபி தனி. 2025-ல் ஜீனோ 68.681 சராசரியோடு, அன்னிகா சோரன்ஸ்டாம் 2002-ல் வைத்த 68.697-ஐத் தாண்டினார்.

நவம்பரில் சிஎம்இ பட்டியலின் முதல் 60 பேர் ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸுக்குப் போவார்கள். அங்கே வெல்பவருக்கு 40 லட்சம் டாலர். அந்த வாரம் உங்கள் முதல் பெயருக்கானது. அதற்கு முந்தைய வாரம் மற்ற இரண்டு பெயர்களுக்கானது. ஞாயிறு இரவு 60, 61-ம் வரிகளையும், அடுத்த ஆண்டு ஆடுவதற்கான முழு டூர் கார்டைத் தீர்மானிக்கிற 80-ம் வரியையும் பாருங்கள். 2024 வரை கார்டுக்கான எல்லை 100 ஆக இருந்தது. கோட்டுக்குக் கீழே விழுந்தவர்கள் பலர் டிசம்பரில் தகுதிச் சுற்றுக்கு மறுபடி வரிசையில் நிற்பார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் வெளிவந்ததும் நோட்டை எடுத்து, உங்கள் மூன்றாவது பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.