விலங்கும் வழக்குமன்றமும்

மனுநீதிச் சோழன் வரலாற்றை அறியாத தமிழர் இலர். கன்றை இழந்த பசு, அரண்மனை வாயிலில் தூங்கிய ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைத்து முறைவேண்டிற்று. அரசனும் அதன் குறையை உசாவி, தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. இதன்கண் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பசுவின்பொருட்டுப் பிறர் எவரும் வந்து இரங்கவில்லை. பசுவே வழக்காளியாய் வாயிலில் நின்றது. இக்காலத்து நீதிமன்றத்தில் விலங்கு அவ்வாறு நிற்றல் கூடுமோ என்பதனை ஈண்டு ஆராயப் புகுவாம்.

முதற்கண் 'ஆள்' என்னும் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். உலகவழக்கில் ஆள் எனின் மனிதனே. சட்டத்திலோ, உரிமை தாங்குதற்கும் வழக்கிடுதற்கும் தக்கது எதுவோ அஃது ஆளாகும். உயிரில்லாத வாணிகக் கம்பெனி தன் பெயரால் நிலம் வாங்குகின்றது, வழக்கும் இடுகின்றது. இந்துக் குடும்பமொன்று வழிபட்ட தெய்வ உருவினையும் இவ்வாறே ஆள் என 1925-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் ஏற்றது. ஆகவே விலங்கை ஆள் என்றல் அதனை மனிதன் என்றல் அன்று.

இனி ஒரு வழக்கினைக் காண்பாம். நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 1977 முதல் ஹேப்பி என்னும் ஆசியப் பிடியானை வைக்கப்பட்டிருந்தது. அது கண்ணாடியில் தன் உருவைக் கண்டு, தலையில் இட்ட வெண்குறியைத் துதிக்கையால் தொட்டுத் தன்னைத் தான் அறிந்தது என்பது 2006-இல் வெளியான ஆராய்ச்சியின் முடிபு. அதனை விரிந்த புகலிடத்திற்கு அனுப்புமாறு 2018-இல் ஆட்கொணர்வு மனு இடப்பட்டது. 2022 ஜூன் 14-இல் அம்மாநிலத்தின் தலைமை நீதிமன்றம், ஐவர் ஒருபாலும் இருவர் மறுபாலுமாகப் பிரிந்து, அம்மனுவைத் தள்ளிற்று. யானை அறிவுடையது, அன்புக்குரியது என்பதைப் பெரும்பாலோர் மறுத்திலர். ஆட்கொணர்வு மனிதர்க்கே உரியது என்றனர். எனினும், 2016-இல் அர்ஜென்டினாவின் மெந்தோசா நீதிமன்றம் செசிலியா என்னும் சிம்பன்சிக் குரங்கிற்கு அவ்வுரிமையை அளித்தது. அது 2017-இல் பிரேசிலிலுள்ள புகலிடம் சென்றது.

நம் நாட்டிலும் இவ்விருநிலை உண்டு. சல்லிக்கட்டினைத் தடுத்த 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், உயிர்வாழ்வைக் காக்கும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவினை உச்சநீதிமன்றம் விலங்குயிர்க்கும் விரித்துப் பொருள் கொண்டது. 2023-இல் ஐந்து நீதிபதிகள் கூடிய ஆயம், சல்லிக்கட்டுக்கு இடந்தந்த தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றதோடு, காளைகட்கு அடிப்படை உரிமை வழங்க இசையாது, அதனைச் சட்டமன்றங்களின் ஆராய்ச்சிக்கு விட்டது.

கடமை ஆற்றாதார்க்கு உரிமை ஏது என்பர் சிலர். தொட்டிற் குழவி எக்கடமையும் ஆற்றுவதன்று. எனினும் அதன் சொத்தினைக் காவலர் காக்க, நீதிமன்றம் அதனை ஆளாகவே கொள்கின்றது. உழவன் ஏரும் ஏழையின் ஆட்டுமந்தையும் என்னாம் என்பது இதனினும் வலிய தடை. அதனை எளிதிற் புறக்கணித்தல் நேரியதன்று. ஆனால், உரிமை என்பது பிரிக்கலாகாத ஒரே மூட்டை அன்று. குழவிக்குச் சொத்துண்டு, வாக்குரிமை இல்லை. மோசேயின் சட்டமும் எருதின்மேல் நுகம் வைத்தலை விலக்கவில்லை. ஏழாம் நாள் ஓய்வை மட்டும் அதற்கும் உரியதாக்கிற்று.

காப்புச் சட்டம் உளதே, அது போதாதோ எனின், போதாது. விலங்குவதையைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் முதற்குற்றத்திற்கு விதித்த தண்டம் பத்து முதல் ஐம்பது ரூபாய். அத்தொகையும் அடிபட்ட விலங்கைச் சேராது; வழக்கில் அது கட்சியும் ஆகாது.

ஆதலின், மனிதனுக்குள்ள உரிமை அனைத்தையும் விலங்கிற்கு வேண்டுவேம் அல்லேம். வதையினின்று நீங்கும் உரிமையும், தன் பெயரால் வழக்குரைக்க ஒரு காவலரைப் பெறும் உரிமையும் அதற்கு வேண்டும் என்பதே நமது துணிபு. சோழன் பசுவுக்கு நாட்டைக் கொடுத்தானல்லன். அது அசைத்த மணிக்குச் செவி கொடுத்தான். நாம் வேண்டுவதும் அவ்வளவே.